‘இன்னும் ஓடும்’ என்று நான் சொன்ன போன்

1. எதிர்க் கடை

மாரியப்பன் என் கடைக்கு நேர் எதிரே ஷோரூம் திறந்த அன்று காலையிலிருந்தே எனக்கு வயிற்றெரிச்சல். இதை மறைத்து எழுதுவதென்றால் இந்தக் குறிப்பை எழுதவே வேண்டியதில்லை. செல்போன் சர்வீஸ் தொழிலுக்கு இப்போது வருகிறவர்கள் ஐசி சிப் மாற்றுவதை வீடியோ பார்த்தே கற்றுக்கொள்கிறார்கள். வீடியோவில் வராத ஒன்றைத்தான் நான் சொல்லப்போகிறேன்.

தென்காசியில் ஒரே கடையில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தொழில் படித்தவர்கள் நானும் அவனும். எனக்குப் பின்னால் வந்தவன். போனுக்குள் போர்டில் செய்கிற வேலை அவனுக்கு வரவே வராது. சூடுகாற்று அடிக்கிற ஹாட் ஏர் கன்னைப் பிடித்தான் என்றால் கழற்ற வேண்டிய ஐசியோடு பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து வந்துவிடும். முதலாளி ஒரு நாள் பொறுக்கமாட்டாமல், “ஏலே மாரி, நீ தொட்டா நல்லா இருக்க போனும் டெட் ஆயிருது. இனிமே சாப்ட்வேர மட்டும் பாரு” என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்துவிட்டார். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அந்த மாரியப்பனுக்கு இன்றைக்குக் கண்ணாடிக் கதவு, ஏசி, வரிசையாக விளக்குப் போட்ட கவுண்டர். எனக்கு அதே ஒற்றை ஷட்டர், அதே டேபிள் ஃபேன். கை வேலை தெரிந்தவன் நான். கூட்டம் அவன் கடையில். திறப்புப் பூஜைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தான். கேசரி கொடுத்தான். நன்றாகத்தான் இருந்தது. அது நன்றாக இருந்ததும் எனக்குப் பிடிக்கவில்லை.

வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு போர்டு வைத்திருந்தான்: ‘போன் வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சா? மாத்துங்க!’

“ஏலே, ரெண்டு வருசத்துல மாத்தச் சொல்லுதியே, இது ஒனக்கே நல்லா இருக்கா?” என்று கேட்டேன்.

“யாவாரத்துக்குப் போர்டுல அப்படித்தான் போடணும் அண்ணாச்சி. உள்ள வாரவங்க போனப் பாத்துட்டுத்தான் நான் சொல்லுவேன்” என்றான்.

நான் நம்பவில்லை. நம்ப இஷ்டமில்லை என்று சொல்வதுதான் சரி. மறுநாளே என் ஷட்டர் பக்கத்தில் ஒரு போர்டு எழுதி மாட்டினேன்: ‘மாத்த வேண்டாம். நாங்க பார்த்துத் தர்றோம்.’

2. தினமும் வருகிற கேள்வி

எத்தனை வருஷத்துக்கு ஒருக்கா போன் மாற்றணும் என்று கேட்காத கஸ்டமர் கிடையாது. சரியான பதில் எனக்கு அப்போதே தெரியும். பேட்டரி போனால் பேட்டரியை மாற்றலாம். டிஸ்ப்ளே, சார்ஜிங் போர்டு, ஸ்பீக்கர், எது போனாலும் சாமான் கிடைக்கிற வரைக்கும் பார்க்கலாம். ஆனால் கம்பெனி அப்டேட் அனுப்புவதை நிறுத்திவிட்டால் அந்தப் போன் வெளியே பளபளவென்று இருந்தாலும் உள்ளே பின்தங்கிவிட்டது என்று அர்த்தம். ஆப்கள் ஒவ்வொன்றாக நின்றுபோகும். அதைச் சால்டரிங் அயர்ன் வைத்துச் சரிசெய்ய முடியாது.

எதிர்க் கடை வந்ததிலிருந்து இவ்வளவையும் யாரிடமும் விளக்கிச் சொல்வதை விட்டுவிட்டேன். யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: “இன்னும் ஓடும்.”

3. பேச்சியம்மா

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில் ஆறு ரூம் உள்ள ஒரு காட்டேஜைப் பேச்சியம்மா பார்த்துக்கொண்டிருந்தார். ஓனர் திருநெல்வேலியில் இருக்கிறார். ரூம் பெருக்குவது, சாவி கொடுப்பது, புக்கிங் எல்லாமே இந்த அம்மாதான். காட்டேஜுக்குப் பின்னாலேயே ஒரு சின்ன வீட்டில் மகளோடு குடியிருந்தார்.

சீசன் நேரத்தில் அந்த அம்மா ஒரு காரியம் செய்வார். வெள்ளன எழுந்து அருவிக்கு நடந்துபோய், தண்ணீர் விழுவதை அரை நிமிஷம் வீடியோ எடுப்பார். “இன்னைக்குத் தண்ணி நல்லா விழுது, சாரலும் இருக்கு, வாங்க” என்று தன் குரலிலேயே சொல்லி, வாடிக்கையாக வருகிற குடும்பங்களுக்கு மெசேஜ் ஆப்பில் அனுப்பிவிடுவார். குற்றாலத்துக்கு வருகிறவர்கள் ரூம் எப்படி என்று பிறகுதான் கேட்பார்கள். தண்ணி விழுதா என்பதுதான் முதல் கேள்வி. அருவி வற்றிய அன்று, “வராதீய, ஏமாந்து போவிய” என்றும் பேச்சியம்மா சொல்லிவிடுவார். அதனாலேயே அவர் வீடியோவுக்கு ஒரு மதிப்பு.

பதிலும் வாய்ஸ் மெசேஜாகத்தான் வரும். “அக்கா, சனிக்கிழமை வாரோம், ரெண்டு ரூம்.” அந்த அம்மாவுக்கு எழுத்து அவ்வளவாக வராது. நோட்டு எதுவும் கிடையாது. யார் வருகிறார்கள், எப்போது வருகிறார்கள் என்பதெல்லாம் அந்தப் போனுக்குள்தான் இருந்தது.

ஏழு வருஷப் போன் அது. இரண்டு தடவை பேட்டரி, ஒரு தடவை டிஸ்ப்ளே மாற்றினேன். ஒரு தடவை சாரலில் நனைந்து டெட் ஆகி வந்ததை நான் எழுப்பிக் கொடுத்தேன். போன் என்னிடம் ரிப்பேருக்கு வரும்போதெல்லாம் அதைக் கையில் தூக்கிப் பிடித்து மற்ற கஸ்டமர்களுக்குக் காட்டுவேன்.

“ஏழு வருசம் ஆச்சு. பாத்தியளா? எதுத்தாப்புல போயிருந்தா இந்நேரம் மூணு போன் மாத்தியிருப்பாங்க.” எதிர்க் கடைக்குக் கேட்கிற மாதிரிதான் சொல்வேன். பேச்சியம்மா சிரிப்பார்.

ஒரு நாள் அவரே கேட்டார். “அண்ணாச்சி, புதுசு வாங்குன்னு எம் மக சொல்லுதா. எதுத்த கடையில நல்ல போனா வந்திருக்காம். வாங்கிரட்டுமா?”

எதுத்த கடை என்ற வார்த்தை காதில் விழுந்ததும் மற்றது எதுவும் எனக்குக் கேட்கவில்லை. “எதுக்கு? இன்னும் ஓடும்” என்றேன்.

“நீங்க சொன்னா சரிதான்” என்று போய்விட்டார்.

4. தள்ளிவிட்ட அறிவிப்பு

சீசனுக்கு ஒரு மாதம் முன்னால் ஸ்பீக்கர் கரகரவென்கிறது என்று போனைக் கொண்டுவந்தார். ஸ்பீக்கர் மாற்றிவிட்டு, சத்தம் பார்க்க ஒரு வாய்ஸ் மெசேஜை ஓடவிட்டேன். அப்போது மேலே ஒரு அறிவிப்பு வந்தது. அடுத்த மாதத்திலிருந்து இந்த மாடலில் அந்த ஆப் வேலை செய்யாது, வேறு போனுக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று இங்கிலீஷில் இருந்தது.

பேச்சியம்மா எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாரியப்பன் யாருக்கோ புதுப் பெட்டியைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தான். நான் விஷயத்தைச் சொன்னால் இந்த அம்மா நேரே அங்கேதான் போவார். ஏழு வருஷம் நான் காப்பாற்றிய போனை அவன் இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, இதையெல்லாம் எப்போதோ மாற்றியிருக்கணும் என்பான். அதை நினைக்கவே எனக்குப் பொறுக்கவில்லை.

அறிவிப்பை விரலால் ஓரத்துக்குத் தள்ளிவிட்டேன்.

“ஏதோ வந்துச்சே அண்ணாச்சி, என்னது?”

“ஒண்ணுமில்ல, விளம்பரம்” என்றேன்.

5. வெள்ளியும் சனியும்

தென்மேற்குப் பருவம் பிடித்து, அருவியில் நல்ல தண்ணீர். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பேச்சியம்மா பஸ் பிடித்து என் கடைக்கு வந்துவிட்டார்.

“வீடியோ போவவே மாட்டேங்குது அண்ணாச்சி. ஆப்பத் தொறந்தா என்னமோ எழுதிக் காட்டுது, உள்ள விட மாட்டேங்குது. நாளைக்கு யார் யார் வாராகன்னு எனக்கு ஒண்ணும் தெரியலயே.”

எனக்குப் பார்க்காமலேயே தெரிந்துவிட்டது. அப்போதே உண்மையைச் சொல்லி அவரை ரோட்டைத் தாண்டிக் கூட்டிப்போயிருந்தால் மத்தியானத்துக்குள் வேலை முடிந்திருக்கும். நானோ, “நெட்டு மந்தமா இருக்கும். வெச்சிட்டுப் போங்க, பாக்கேன்” என்றேன்.

அன்று முழுக்க வேறு வேலையைத் தொடவில்லை. போனில் தேதியைப் பின்னால் தள்ளி வைத்துப் பார்த்தேன். ஆப்பின் பழைய வெர்ஷனைத் தேடி ஏற்றிப் பார்த்தேன். எதற்கும் மசியவில்லை. ஃப்ளாஷ் அடித்து சாப்ட்வேரை மொத்தமாகப் புதிதாக ஏற்றினால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும் என்று பயம். சாப்ட்வேர் என் வேலை இல்லை. அது யார் வேலை என்று எனக்குத் தெரியும். பத்தே எட்டு வைக்கிற தூரம்தான், கால் போகவில்லை.

சனிக்கிழமை காலையில் போனை எடுத்துக்கொண்டு பைக்கில் குற்றாலம் போனேன். காட்டேஜ் வாசலில் சாரலில் நனைந்துகொண்டு மூன்று குடும்பங்கள் பையும் பிள்ளைகளுமாக நின்றன. பேச்சியம்மாவிடமிருந்து பதில் வரவில்லை என்று பழைய வாடிக்கைக்காரர்கள் சிலர் நேரே ஓனருக்குப் போன் அடித்திருக்கிறார்கள். ரூமுக்கு வேறு யாரும் சொல்லி வைக்கவில்லை என்று நினைத்து அவர் அவர்களுக்கு ரூமைக் கொடுத்துவிட்டார். பேச்சியம்மாவிடம் முன்னாலேயே சொல்லி வைத்தவர்களும் வந்துவிட்டார்கள். ஒரே ரூமுக்கு இரண்டு குடும்பம்.

ஓனரும் காரில் வந்திருந்தார். “ஏழு வருசத்துப் போன வெச்சிக்கிட்டு யாவாரம் பாத்தா இப்படித்தான் ஆவும். எவன் இத வெச்சிக்கிடச் சொன்னான் ஒனக்கு? இந்தச் சீசன் முடியவும் சாவியக் குடுத்துட்டு வீட்டக் காலி பண்ணிரு.”

பேச்சியம்மா என்னைப் பார்த்தார். பிறகு ஓனரிடம் திரும்பி, “யாரும் சொல்லல. நாந்தான் வெச்சிருந்தேன்” என்றார்.

அந்த இடத்திலாவது நான் வாயைத் திறந்திருக்கணும். திறக்கவில்லை. ஓனர் அந்தப் பக்கம் போனதும், “பேச்சியம்மா, வண்டியில ஏறுங்க” என்று மட்டும் சொன்னேன்.

6. ரோட்டைத் தாண்டினேன்

கேசரி சாப்பிட்ட நாளுக்குப் பிறகு அன்றுதான் மாரியப்பன் கடைக்குள் காலை வைத்தேன். பழைய போனை கவுண்டரில் வைத்து விஷயத்தைச் சொன்னேன். கேபிளைச் சொருகி கம்ப்யூட்டரில் எதையோ தேடினான்.

“இருக்குது அண்ணாச்சி. ஆப் தானா போனுக்குள்ளயே தினமும் ஒரு காப்பி எடுத்து வெச்சிக்கிடும். வியாழக்கெழம வரைக்கும் எல்லாம் இருக்கு.”

பேச்சியம்மா ஒரு போனைக் காட்டினார். “அது வேண்டாம்க்கா, ஒங்களுக்கு அவ்வளவு பெருசு கைக்கு அடங்காது” என்று வேறொன்றை எடுத்துக் கொடுத்தான். காப்பியை அதில் ஏற்றினான். அரை மணி நேரத்தில் புதுப் போனிலிருந்து, பழைய வாய்ஸ் மெசேஜ்களில், ராஜபாளையத்துக் குடும்பமும் மதுரைக் குடும்பமும் ஒவ்வொருவராகப் பேசினார்கள். அந்த அம்மா காதோடு வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

“நிக்கப்போவுதுன்னு ஒரு மாசம் முந்தியே நோட்டீஸ் வந்திருக்குமேக்கா, பாக்கலியா?” என்று மாரியப்பன் கேட்டான்.

“எனக்கு என்ன தெரியும் தம்பி. அண்ணாச்சிதான் பாத்துட்டு விளம்பரம்னாக.”

மாரியப்பன் என்னைப் பார்த்தான். இனி எங்கே போய் ஒளிய? “விளம்பரம் இல்ல பேச்சியம்மா. படிச்சேன், புரிஞ்சுது. நீங்க இங்கன வந்திருவியன்னுதான் தள்ளிவிட்டேன்” என்றேன்.

அந்த அம்மா கையிலிருந்த போனைக் கவுண்டரில் வைத்தார். “ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா அண்ணாச்சி. தண்ணி இல்லேன்னா இல்லேன்னு நான் சொல்லுதேன்லா” என்றார். குரல் உயரவே இல்லை. அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பவும் இல்லை. மாரியப்பனைப் பார்த்து, “தம்பி, இத எத்தன வருசம் வெச்சிக்கிடலாம்?” என்று கேட்டார்.

ரெண்டு என்று அவன் சொல்லணும் என்று அந்த நிலையிலும் என் மனசு வேண்டிக்கொண்டது. சொல்லட்டும், இவன் லட்சணம் இதுதான் என்று ஆகட்டும்.

“அஞ்சு வருசத்துக்கு அப்டேட் வரும்க்கா. அதுவரைக்கும் மாத்தாதீய. நடுவுல பேட்டரியோ போர்டோ போச்சுன்னா என்கிட்ட கொண்டுவர வேண்டாம். அண்ணாச்சிகிட்டயே குடுங்க. தென்காசியில அவுக கை மாதிரி யாருக்கும் வராது.”

எத்தனையோ வருஷம் அவன் ஏசியைப் பார்த்து, கண்ணாடிக் கதவைப் பார்த்து, கூட்டத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். அன்றைக்கு அந்த வார்த்தையைக் கேட்டபோது பட்ட பொறாமைக்கு முன்னால் அதெல்லாம் ஒன்றுமே இல்லை. என்னைப் பற்றி அவனால் அப்படிச் சொல்ல முடிந்தது. அவனைப் பற்றி நான் ஒரு நாளும் சொன்னதில்லை.

7. கற்றுக்கொண்டது

மறுநாள் ஓனரிடம் போய்த் தப்பு என்னுடையது என்று சொன்னேன். வீடு தப்பியது, சாவியும் பேச்சியம்மாவிடமே இருக்கிறது. புக்கிங்கை மட்டும் ஓனர் தன் மருமகனிடம் கொடுத்துவிட்டார். அந்த அம்மா இப்போது அருவிக்குப் போவதில்லை, வீடியோவும் அனுப்புவதில்லை. என் கடைக்கும் வருவதில்லை.

தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். போன் மாற்றணுமா என்று கேட்டு ஒருவர் வந்தால், பின்மூடியைக் கழற்றுவதற்கு முன்னால் செட்டிங்ஸைத் திறந்து அப்டேட் எப்போது நின்றது என்று பாருங்கள். அந்தப் போனை வைத்து அவர் என்ன பிழைப்புப் பார்க்கிறார் என்று கேளுங்கள். வந்த நோட்டீஸை வாசித்துச் சொல்லுங்கள். போனைப் பார்க்காமல் இத்தனை வருஷம் என்று சொல்லாதீர்கள். ‘இன்னும் ஓடும்’ என்பது போனைப் பார்த்து வருகிறதா, எதிர்க் கடையைப் பார்த்து வருகிறதா என்று பதில் சொல்லும் முன் உங்களையே ஒருக்கா கேட்டுக்கொள்ளுங்கள்.

என் போர்டைக் கழற்றிவிட்டேன். அவன் போர்டு அப்படியே நிற்கிறது. தினமும் பார்க்கிறேன், தினமும் எரிகிறது. ஆயுசு முடிந்த போன் வந்தால், “எதுத்தாப்புல மாரியப்பன் இருக்கான், அவன்கிட்ட போங்க, சரியாப் பாத்துக் குடுப்பான்” என்கிறேன். முதல் தடவை சொன்னபோது வாய் கசந்தது. இப்போதும் கசக்கத்தான் செய்கிறது. சொல்லிவிடுகிறேன்.