தம்பி கையால் ஒரு டம்ளர் தண்ணீர்

முதலில் கால்தான் வீங்கியது. கரும்பு வெட்டிய களைப்பு என்று விட்டுவிட்டோம். முகமும் உப்பிய பிறகுதான் கச்சிராயபாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போனோம். என் வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டது என்றார் டாக்டர்.

டயாலிசிஸ் (இயந்திரத்தால் ரத்தத்தைச் சுத்தம் செய்வது) செய்யப் பாண்டிச்சேரிக்குப் போகவேண்டும். அது இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த சமயம். புளியமரங்களை வெட்டி ரோட்டில் சாய்த்திருந்தார்கள். வெட்டியவர்களில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் உண்டு. யாரைத் திட்டுவது?

“வழி வுட்டதும் அனுப்பறேம்மா. அதுவரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு டம்ளர் தண்ணிதான். ஜாஸ்தி குடுத்தா நுரையீரல்ல தேங்கிடும்” என்றார் டாக்டர்.

இதைப் படிக்கிற நீங்களும் இப்படியொரு கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். நோயைவிடத் தாகம்தான் கொடுமை. உதட்டை ஈரத்துணியால் துடைத்தால் துணியையே சப்புவார். ஐயோ, அதை எந்தப் பெண்டாட்டியும் பார்க்கக் கூடாது.

அப்படிப்பட்ட மனுஷன் ஒருநாள் அந்த ஒரு டம்ளரையும் தொடவில்லை.

“தம்பி வரட்டும்.”

கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சும் முறை யாருக்கு என்பதில் அண்ணன் தம்பிக்குள் சண்டை. எரிகிற சூடத்தைக் கையால் அணைத்து, “செத்தாலும் உன் கையால தண்ணி வாங்க மாட்டேன்” என்று மாரியம்மன் கோயிலில் இவர் சத்தியம் செய்திருந்தார். எங்கள் பக்கம் சூடத்தை அணைத்துவிட்டால் உறவு அவ்வளவுதான். தம்பி கல்வராயன் மலைக்கே போய், வெள்ளிமலையில் டீக்கடை வைத்துக்கொண்டார். எங்களுக்குப் பிள்ளையில்லை. கடைசியில் இவர் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டியவர் அவர்தான்.

மலைக்கு ஆள் அனுப்பியிருந்தேன். ஆனால் பஸ் ஏது?

“இன்னாங்க இது, இப்பவும் வீம்பா? நாக்கு வறண்டு கெடக்குது, குடிங்க!” என்று கத்தினேன்.

“சத்தியத்தோட போனா என் நெஞ்சு வேகாதுடி.”

மறுபடி சூடம் ஏற்றினால்தான் சத்தியம் தீரும். மாரியம்மனை நினைத்துக்கொண்டு கட்டிலடியிலேயே தீக்குச்சியைக் கிழிக்கப் போனேன். நர்சம்மா ஓடிவந்து பிடுங்கினார்.

“ஆக்சிஜன் ஓடிக்கினு இருக்குது! வார்டையே கொளுத்தப் போறியா?”

அவமானத்தில் அழுதேன்.

சாயங்காலம் தம்பி வந்து நின்றார். மரங்களைத் தாண்டித் தாண்டி நடந்தே வந்ததில் காலெல்லாம் சிராய்ப்பு. டம்ளரைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“சூடம் ஏத்தாம எப்டி அண்ணி? சாமி குத்தம் ஆயிடுமே.”

கட்டிலிலிருந்து குரல் வந்தது. “குத்தம் என்னுது. ஊத்துடா.”

இரண்டு மடக்கு உள்ளே போனது. மூன்றாவது கடைவாயில் வழிந்தது. தம்பி அதைத் தன் வேட்டி முனையால் துடைத்தார்.

விடிவதற்குள் என் வீட்டுக்காரர் போய்விட்டார். ரோடு அதற்குப் பிறகுதான் திறந்தது.

எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இன்றும் எனக்குத் தாகமெடுத்தால் உடனே குடிக்க முடிவதில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்க்கிறேன். தொண்டை காய்கிறது. யாரோ மலையிலிருந்து நடந்து வந்துகொண்டிருக்கிறார்கள், அவர்கள் வரட்டும் என்றே உடம்பு காத்திருக்கிறது.