கயிறு தெரியாத படம்

வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் பிறந்து, கல்யாணமாகிக் காலடிப்பேட்டைக்கு வந்தவள் கார்குழலி. மார்க்கெட்டுக்குப் போகும் தெருவில் பத்தடிக்கு எட்டடியில் ஒரு போட்டோ கடை வைத்திருக்கிறாள். பாஸ்போர்ட் படம், வளைகாப்பு, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு. சாவு வீட்டுக்கும் போவாள். தாடைக்கட்டு கண்ணில் படாத கோணம் பார்த்து நின்று, செத்தவர் தூங்குவதுபோல எடுத்துத் தருவாள். எதை மறைக்க வேண்டும் என்பதில் கெட்டிக்காரி என்று அந்த வட்டாரத்தில் அவளுக்குப் பெயர். ஜெயவேல் அவளைத் தேடி வந்ததும் அதனால்தான்.

போன வருடக் கோடையில் திருவொற்றியூரில் ஒரு மைதானத்தில் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். ராட்டினத்துக்கும் டெல்லி அப்பளக் கடைக்கும் நடுவில் ஜெயவேலின் கொட்டகை. வாசலில் ‘கருட தரிசனம்’ என்று பேனர். உள்ளே ஒரு செம்பருந்து. கம்பத்து உச்சியிலிருந்து இறங்கி அவருடைய தோல் கையுறையில் வந்து உட்கார்ந்து, விரலிடுக்கில் இருக்கும் கறித்துண்டைக் கொத்தும். ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். பிறகு வரிசையில் வந்து, அதைக் கையில் வைத்துக்கொண்டு படம் எடுத்துக்கொள்வார்கள்.

ஜெயவேலுக்கு ஐம்பது வயதிருக்கும். அதிர்ந்து பேசமாட்டார். முதல் நாளே சொல்லிவிட்டார்.

"கால்ல கயிறு கீது பாரும்மா, அது மட்டும் படத்துல வரக்கூடாது. கயிறு தெரிஞ்சா சாமி போயிடும், வெறும் பறவைதான் நிக்கும்."

முதல் ஃப்ளாஷ் அடித்ததும் பருந்து வெருண்டு கையுறையிலிருந்து தலைகீழாகத் தொங்கிச் சிறகடித்தது. படத்துக்கு நின்ற பெண்குழந்தை வீறிட்டு அழுதது. கார்குழலி கேமராவைத் தாழ்த்தினாள்.

"ஃப்ளாஷ் வேணாம்ணா. பயப்படுது."

"அதுவா? ராஜா மாதிரிம்மா அது. பழகிடும். நீ போயிகினே இரு."

மூன்றாம் நாள் அது சிறகடிப்பதை நிறுத்திவிட்டது. வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பழகிவிட்டது என்றுதான் அவளும் நினைத்தாள்.

இரண்டாவது வாரம் ஒரு நிச்சயதார்த்த ஜோடி வந்தது. மோதிரப் பையை அலகில் பிடித்தபடி, சிறகை முழுக்க விரித்துப் பருந்து அந்தப் பெண்ணின் கையில் இறங்கும் நொடியைக் கார்குழலி பிடித்தாள். மூலையில் தன் பெயரைப் போட்டு இணையத்தில் ஏற்றினாள். இரண்டே நாளில் அந்தப் படம் ஊரெல்லாம் சுற்றியது. ‘கருடன் மோதிரம் கொண்டு வரும் கல்யாணம்’ வேண்டும் என்று ஜெயவேலின் போன் ஓயாமல் அடித்தது. பெரிய பேனர் ஒன்று வேண்டும் என்று அவளிடம் வந்து நின்றார்.

பேனருக்காகக் கடையில் உட்கார்ந்து படத்தைப் பெரிதாக்கினாள். அப்போதுதான் கால் தெரிந்தது. பாதம் வீங்கி, நடுவில் கறுப்பாகப் புண் வைத்திருந்தது. வால் இறகில் நாலைந்து பாதியில் முறிந்திருந்தன. கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. புண்ணை அழித்தாள். வேறொரு படத்திலிருந்து இறகை எடுத்து ஒட்டினாள். பத்து நிமிட வேலை. முடித்துவிட்டு இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிணத்தின் முகத்தைச் சரிசெய்தால் வலிக்க அங்கே ஆள் இல்லை. இது உயிரோடு இருந்தது. அந்தக் காலோடுதான் நாளைக்கும் வந்து உட்காரும்.

ஆனாலும் பேனரைக் கொடுத்துவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை கொட்டகைக்குப் போனபோது கையுறையில் வேறு பருந்து இருந்தது. பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. அந்த முகத்தைத் திரையில் அத்தனை பெரிதாகப் பார்த்தவளுக்குத் தெரிந்துவிட்டது.

"பழசு இன்னாச்சுணா?"

"எது பழசு? அதே தான் இது."

சொல்லிவிட்டு ஜெயவேல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணை எடுக்கவேயில்லை. அவள்தான் குனிந்து கேமராவைத் துடைத்தாள்.

இடைவேளையில் அவர் டீ குடிக்கப் போனார். கார்குழலி கொட்டகையின் பின்பக்கம் போனாள். அங்கே நான்கு பிளாஸ்டிக் தக்காளிக் கூடைகள், மேலே ஈரச் சாக்கு. சத்தமே இல்லை. சாக்கைத் தூக்கினாள். ஒவ்வொரு கூடையிலும் ஒரு பருந்து. பழைய சாக்ஸுக்குள் உடம்பைத் திணித்திருந்தார்கள், தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கண் மூடியிருந்தது. தூங்குகிறதென்று நினைத்துக் குனிந்தாள். கீழ் இமையில் வெள்ளை நூல் ஓடியிருந்தது. இரண்டு கண்ணின் நூலையும் உச்சந்தலைக்கு மேலே இழுத்து முடிச்சுப் போட்டிருந்தார்கள். அவள் மூச்சு பட்டதும் நான்கு தலைகளும் அவள் பக்கம் திரும்பின.

"புதுசா வந்த சரக்கு." ஜெயவேலின் குரல் முதுகுக்குப் பின்னால் கேட்டது. "எண்ணூர் கழிமுகத்தாண்ட புடிச்சது. கண்ண மூடி வெச்சா சீக்கிரம் படியும். உன் படத்தாலதான்மா இத்தினி ஆர்டரு. ஒண்ண வெச்சிகினு சமாளிக்க முடியுமா?"

அவள் கையிலிருந்த சாக்கை வாங்கி, குழந்தைக்குப் போர்த்துவதுபோல மெதுவாகப் போர்த்தினார்.

"யாராண்டயாவது போய்ச் சொல்லலாம்னு தோணும். தோணட்டும். ஆனா எல்லாப் படத்துலயும் உன் பேருதான் கீது, என் பேரு இல்ல. உன் கடை தெரியும், வூடு தெரியும், உன் வூட்டுக்காரர் ஹார்பர்ல எந்த கேட்டாண்ட லாரிய நிறுத்துறாருன்னும் தெரியும். போ, ஜனம் நிக்குது."

அதற்குப் பிறகு நான்கு நாள் அவள் கடையைப் பாதி ஷட்டரோடுதான் வைத்திருந்தாள். வாசலில் பைக் நின்றாலே அதை இன்னும் கீழே இழுத்தாள். சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் இமையில் நூல் குத்துவதுபோல இருந்தது. கணவர் பாரி துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். அவர்தான் கேட்டுக் கேட்டு விஷயத்தை வாங்கினார்.

"நீயா புடிச்ச? நீயா தெச்ச? படம்தான எடுத்த. வுட்டுடு."

"படத்தப் பாத்துத்தான கேக்குறாங்க? கேக்கப் போய்த்தான நாலு புடிச்சிகினு வந்தான். இன்னும் எடுத்தா நாப்பது வரும்."

பாரி எழுந்து ஜன்னலைச் சாத்தினார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"நேத்து லாரியாண்ட ரெண்டு பேரு வந்தாங்கோ. ஒண்ணும் பேசல. சும்மா நின்னு பாத்துட்டுப் போயிட்டாங்கோ. நீ பயப்படுவன்னு சொல்லல."

அவள் எழுந்து போய்க் கதவைத் தாழிட்டாள். அன்று முழுக்க இருவரும் வெளியே போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் கொட்டகைக்குப் போனாள். ஏன் போனாள் என்று பாரி பின்னால் கேட்டபோது, போகாமல் இருந்தால் சந்தேகப்படுவார் என்று சொன்னாள். அது பாதிதான் உண்மை. எப்போதும் நிற்கும் இடத்தை விட்டு இடதுபக்கம் நின்றாள். வழக்கமான படம் ஒன்று எடுத்தால், லென்ஸை நெருக்கி இன்னொன்று எடுத்தாள். கயிறு. வீங்கிய பாதம். இமையில் நூல் போன துளை. பின்பக்கம் தண்ணீர் குடிக்கப் போகிறவள்போல நடந்து கூடைகளையும் எடுத்தாள். கேமராவின் மெமரி கார்டை மாற்றி, பழையதை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு முன்னால் வந்து ஆறு படம்தான் எடுத்திருப்பாள்.

"இன்னா இன்னிக்கு இந்தப் பக்கம் நிக்கிற?"

"அங்க வெளிச்சம் சரியில்லணா."

"காட்டு."

கேமராவை வாங்கி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். அவளுக்குக் காதில் வேறெதுவும் விழவில்லை, ராட்டினத்தின் இரைச்சல் மட்டும்தான். ஆறு படம். ஆறும் அழகாக இருந்தன.

"இத்தினிதானா?"

"பழைய கார்டு ரொம்பிடுச்சுணா. இடைவேளையில போய்க் கடையில வெச்சிட்டு வந்துட்டேன்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். வரிசையில் நின்ற யாரோ சத்தம் போட, கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலையில் வனத்துறை அலுவலகத்தில் போய் உட்கார்ந்தாள். அங்கிருந்த அதிகாரி ஒரு பெண். படங்களைப் பார்த்துவிட்டு, தன் போனிலிருந்து மோதிரப் படத்தை எடுத்துக் காட்டினார்.

"இதுவும் நீங்க எடுத்ததா?"

இல்லையென்று சொல்லியிருக்கலாம். பெயரை யாரோ போட்டுவிட்டார்கள் என்றும் சொல்லியிருக்கலாம்.

"ஆமா மேடம். இதுல கால் புண்ண அழிச்சதும் நான்தான். அத்தயும் எழுதிக்கோங்க."

அன்று மாலையே வனத்துறையினர் கொட்டகைக்குப் போய் ஜெயவேலைப் பிடித்தார்கள். ஐந்து பருந்துகள் கிடைத்தன. இரண்டு அந்த வாரமே செத்துவிட்டன. இரண்டை நூல் பிரித்து, மருந்து போட்டு, பின்னால் எண்ணூர்ப் பக்கம் பறக்கவிட்டார்களாம். ஒன்றுக்குப் பார்வை திரும்பவில்லை. முதலில் வந்ததற்கு என்ன ஆயிற்று என்று ஜெயவேல் கடைசிவரை சொல்லவில்லை.

மூன்று வாரத்தில் அவர் ஜாமீனில் வந்துவிட்டார். கார்குழலியின் பெயர் சாட்சிப் பட்டியலில் இருக்கிறது. அவள் மேலேயும் வழக்கு வருமா என்று கேட்டதற்கு அந்த அதிகாரி உறுதியாக எதுவும் சொல்லவில்லை. தன் இணையப் பக்கத்திலிருந்து எல்லாப் படத்தையும் எடுத்துவிட்டாள். ஆனால் மோதிரப் படம் யார் யார் கையிலோ போய்விட்டது. இன்றைக்கும் சேலத்திலிருந்தும் விருதுநகரிலிருந்தும் போன் வருகிறது. ஒவ்வொருவருக்கும் அந்தக் கால் புண்ணைப் பற்றிச் சொல்கிறாள், நூலைப் பற்றிச் சொல்கிறாள். சிலர் வைத்துவிடுகிறார்கள். ஒருவர் பொறுமையாக எல்லாம் கேட்டுவிட்டு, "சரிங்க, வேற யாராவது பண்றவங்க நம்பர் இருக்கா?" என்றார்.

வழக்கை விசாரணைக்கு எடுத்த நாளில் பாரியோடு நீதிமன்றத்துக்குப் போனாள். தாழ்வாரத்தில் ஜெயவேல் தனியாக நின்றிருந்தார். சிரித்தபடி பக்கத்தில் வந்தார்.

"உன் கடைக்கு எதிர்ல டீக்கடையாண்ட ஒக்காந்து பாத்துகினுதான் கீறேன். இப்பல்லாம் கடைய சீக்கிரமே மூடிர்றியேம்மா."

அவள் பாரியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறி நின்றதும், கயிறும் புண்ணும் தெரியும் ஒரு படத்தை நீட்டி, இதை எடுத்தது யார் என்று கேட்டார்கள். அவள் ஜெயவேல் நின்ற பக்கம் பார்த்தாள். மறுபடி கேட்டார்கள்.

"நான்தான்," என்றாள்.