வெள்ளிக்கிழமை லைன்

கம்ப்யூட்டரில் எந்தக் கோளாறு வந்தாலும் அதை ஒரு கை பார்க்காமல் நான் எழுந்ததில்லை. பீத்தல் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கொன்றும் நஷ்டமில்லை. திருப்பதியில் மாட வீதிக்குப் பின்னால் ஒரு தெருவில் நான் பிரௌசிங் சென்டர் வைத்திருந்த காலத்தில், சுற்றுவட்டாரத்தில் யார் மெஷின் படுத்தாலும் "ஆ தமிழப்பாயினி பிலவண்டி" என்பார்கள், அந்தத் தமிழ்ப் பையனைக் கூப்பிடுங்கள் என்று. நானும் ஸ்க்ரூ டிரைவரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு பெரிய டாக்டர் மாதிரி போய் நிற்பேன். முக்கால்வாசி நேரம் ஏதாவது ஒயர் கழன்றிருக்கும். அதைச் சொருகுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு நிற்க வேண்டும், அதுதான் தொழில்.

எஸ்டிடி பூத்துக்காரர்கள் மஞ்சள் போர்டைக் கழற்றிவிட்டு பிரௌசிங் சென்டர் போர்டு மாட்டிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. ஊரில் பாதிப் பேரின் பிள்ளைகள் அமெரிக்காவில், மீதிப் பேரின் புருஷன்மார் குவைத்தில். எனக்கு இரண்டு தரப்பும் வாடிக்கை. நாலு கம்ப்யூட்டர், ஒரு மோடம், ஒரே ஒரு டெலிபோன் லைன். அந்த லைன் வழியாகத்தான் எல்லாக் குடும்பமும் பேசியாக வேண்டும்.

கடை இருந்தது ஒரு மாமி வீட்டு முன்கூடத்தில். கோயில் கைங்கரியக் குடும்பம். பிள்ளைகள் இரண்டு பேரும் அமெரிக்கா போனபிறகு கூடம் சும்மா கிடக்கிறதே என்று எனக்கு வாடகைக்கு விட்டிருந்தார். நிபந்தனை ஒன்றே ஒன்று. சுவரில் மாட்டியிருக்கிற பெருமாள் படம் அங்கேயேதான் இருக்கும், வெள்ளிக்கிழமை காலையில் மாமி கையாலேயே மாலை சாத்துவார், நான் குறுக்கே பேசக் கூடாது. எனக்கென்ன வந்தது? சாமி படம் இருந்தால் கடைக்கும் நல்லதுதான்.

நான் சொல்லவந்த அக்கா வர ஆரம்பித்ததும் வெள்ளிக்கிழமைகளில்தான். நாகலாபுரத்துக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம். காலை பஸ் பிடித்து, புத்தூர் வழியாக வந்து இறங்கி, நேராகக் கடைக்கு வந்துவிடுவாள். புருஷன் குவைத்தில் ஒரு வீட்டுக்கு டிரைவர். அங்கே வெள்ளிக்கிழமை லீவு என்பதால் அவரும் அந்த ஊர்க் கடை ஒன்றில் வந்து உட்காருவார். அக்கா பத்தாவது வரை தெலுங்கு மீடியம், வீட்டில் பேசுவது தமிழ். இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடிக்கவும் வராது, அதைப் படிக்கவும் வராது. அதனால் அக்கா சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். அவர் எழுதுவதை நான் சத்தமாகப் படிப்பேன். பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம் மாமி காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார்.

"'என் தங்கமே, நல்லா கீறியா' ன்றாரு அக்கா."

"அதெல்லாம் இன்னாத்துக்கு தம்பி படிக்கிறே? அத விட்டுட்டு கீழ படி."

கீழே படித்தால் போர்க் கிணற்றில் தண்ணீர் வருகிறதா, மாடு கன்று போட்டதா, நீ வேளாவேளைக்குத் துன்னுகிறாயா என்றிருக்கும். அக்கா எல்லாவற்றுக்கும் பதில் சொல்வாள். கடைசியில் தான் வந்த விஷயத்துக்கு வருவாள்.

விஷயம் இதுதான். அவர்கள் வீட்டில் அதுவரை யாருக்கும் சொந்த நிலம் இருந்ததில்லை, மற்றவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். நிலம் வாங்குகிற வரைக்கும் குவைத், வாங்கிவிட்டால் திரும்பி வந்து சேர்ந்து கரும்பு போடுவது என்று பேசிக்கொண்டுதான் அவர் போனார். நிலம் வாங்கியாகிவிட்டது. போரும் போட்டாகிவிட்டது. இப்போது பார்த்து, முதலாளி இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்து கேட்கிறார், யோசிக்கிறேன் என்று எழுதிவிட்டார். வருகிறாயா, வரமாட்டாயா, ஒரே வார்த்தை சொல்லு என்பதைக் கேட்கத்தான் அக்கா அத்தனை தூரம் வந்துகொண்டிருந்தாள்.

கேட்க விட்டால்தானே! 'யோசிக்கிறது இன்னா கீது, வரியா மாட்டியா' என்று நான் அடித்து அனுப்புவேன், மோடம் டொக்கென்று விளக்கை அணைத்துவிடும். மறுபடி டயல் செய்தால் கீச்சென்று கத்தி, கொர்ரென்று இருமி, லைன் கிடைக்கும். மெசஞ்சர் உள்ளே போகும். 'இன்னா, கோவத்துல கட் பண்ணிட்டியா' என்று அவர் கேட்டிருப்பார். இல்லையென்று அடிப்பதற்குள் மறுபடி டொக். அக்கா என்னை முறைப்பாள், அப்புறம் திரையை முறைப்பாள்.

"அந்த ஆளுதான் கட் பண்றான் தம்பி. எனக்குத் தெரியும்."

"இல்லக்கா, இது சாஃப்ட்வேர் பிராப்ளம். அடுத்த வாரம் வா, முடிச்சுடறேன்."

அவ்வளவு உறுதியாகச் சொன்னேன். மெசஞ்சரை அழித்துவிட்டுப் புது வெர்ஷன் ஏற்றினேன். சனிக்கிழமை பார்த்தேன், கல்லு மாதிரி நின்றது. வெள்ளிக்கிழமை அக்கா வந்து உட்கார்ந்ததும் புட்டுக்கொண்டது. சரி, வைரஸ் என்று சொல்லி நாலு மெஷினையும் துடைத்து எடுத்தேன். அடுத்த வாரம் அதே கதை. நடுவில் வேறு போன் வந்தால் பீப் அடிக்கிற வசதி ஒன்று லைனில் இருந்தது, அந்த பீப்தான் மோடத்தைத் தள்ளிவிடுகிறது என்று கண்டுபிடித்து அதையும் எடுத்துவிடச் சொன்னேன். மோடத்தையே மாற்றினேன். ஒவ்வொரு முறையும் அக்காவிடம் "இந்தத் தடவ பாரு" என்று சொன்னேன், ஒவ்வொரு முறையும் மூக்கு உடைந்தது. அப்போதும் நான் அசரவில்லை. மனுஷன் செய்த மெஷின் மனுஷனுக்கு அடங்காமல் எங்கே போகும்?

லைன்மேன் திங்கட்கிழமை வந்தார், செவ்வாய்க்கிழமை ஒருமுறை வந்தார். ரிசீவரைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு "லைன் பாகானே உந்தி கதா" என்று என்னையே திருப்பிக் கேட்டார். லைன் நன்றாகத்தானே இருக்கிறது என்றால் நான் என்ன சொல்ல? அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தது.

அவர் போனபிறகுதான் எனக்கு உறைத்தது. அறுவதெல்லாம் வெள்ளிக்கிழமைதான், அதுவும் காலையில்தான். அந்த நேரத்தில் ஊரே கோயிலில் இருக்கும், கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருப்பேன், அக்காவைத் தவிர வேறு யாரும் வந்து என்னிடம் சண்டை போடாததால் இது மண்டையில் ஏறவில்லை. அடுத்த வெள்ளி சீக்கிரமே கடையைத் திறந்து, மெஷின் பக்கமே போகாமல் டெலிபோனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சுத்தமான டயல் டோன். மாமி வந்தார், மாலை சாத்தினார், சேவித்துவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் காதுக்குள் கடுகு பொரிகிற சத்தம் ஆரம்பித்தது.

ஒயரைக் கண்ணாலேயே பிடித்துக்கொண்டு மேலே போனேன். தெருவிலிருந்து வந்த டெலிபோன் ஒயரை, அதை இழுத்த புண்ணியவான் தனியாக ஆணி அடிக்கச் சோம்பல்பட்டு, பெருமாள் படம் தொங்குகிற ஆணியிலேயே ஒரு சுற்றுச் சுற்றிக் கீழே இறக்கியிருந்தான். மாமி வியாழன் சாயங்காலமே சாமந்தியும் துளசியுமாக மாலை வாங்கி, ஈரத்துணியில் சுற்றி வைத்து, காலையில் சொம்புத் தண்ணீரில் இன்னொரு முறை முக்கி, சொட்டச் சொட்டச் சாத்துகிறவர். அந்தச் சொட்டு ஆணியில் இறங்கி, ஒயரைப் பிடித்துக்கொண்டு, சுவரில் லைன் வந்து சேருகிற வெள்ளை டப்பாவுக்குள் போய்க்கொண்டிருந்தது. மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். திங்கட்கிழமை லைன்மேனுக்கு என்ன தெரியும்?

மாமியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஏண்டாப்பா, பெருமாள் உன் கம்ப்யூட்டரைக் கெடுக்கறார்ங்கறியா?"

"பெருமாள் இல்ல மாமி, தண்ணி. மாலையக் கொஞ்சம் உதறிட்டுப் போட்டீங்கன்னா..."

"வாடின மாலையை நீ போட்டுக்கோ. என் பெருமாளுக்கு எதுக்கு?"

படத்தை இரண்டடி தள்ளி மாட்டலாமே என்று கேட்டதற்கு, கிரகப்பிரவேசத்தன்று மாட்டிய படம், என் மூச்சிருக்கிறவரை நகராது என்றார். சரி, பெருமாள் நகரமாட்டார், ஒயர் நகரும் அல்லவா? நாற்காலி மேல் ஏறி ஒயரைப் பிரித்தேன், அந்தப் பக்கத்துச் சுவர் வழியாகப் புதிதாக இறக்கினேன், டப்பாவைப் பிரித்து உள்ளே இருந்த பச்சைக் களிம்பைச் சுரண்டினேன். மாமி கீழே நின்று "படத்துல கால் படாம, படாம" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அக்கா அன்றைக்கு வருவதற்குள் டயல் டோன் பால் மாதிரி இருந்தது.

அக்காவுக்கு நடந்ததைச் சொன்னேன். "பூவாலயா தம்பி?" என்று படத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டாள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. இனிமேல் பாரு என்று சொல்லி டயல் செய்தேன். அவர் ஏற்கெனவே வந்திருந்தார். நலமெல்லாம் கேட்டார், சொன்னோம். லைன் ஆடவில்லை. மாட்டைப் பற்றிக் கேட்டார், சொன்னோம். அப்போதும் ஆடவில்லை. உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம் எப்படி நடந்தது என்றுகூடக் கேட்டுவிட்டார்.

"போதும். இப்ப கேளு தம்பி," என்றாள் அக்கா.

'வரியா, மாட்டியா' என்று அடித்து அனுப்பினேன். அவர் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று கீழே ஒரு வரி வந்தது. நின்றது. மறுபடி வந்தது, மறுபடி நின்றது. அப்புறம் அவர் பெயருக்குப் பக்கத்தில் இருந்த மஞ்சள் முகம் சாம்பலாகிவிட்டது.

"திரும்பவும் லைன் பூட்ச்சா?"

லைன் போகவில்லை. மோடத்தில் விளக்கு எரிந்தது, எங்கள் பெயருக்குப் பக்கத்து முகம் மஞ்சளாகச் சிரித்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்து லைன் அறுந்திருக்கலாமே என்பீர்கள். லைன் தானாக அறுந்தால் அந்த ஆளின் முகம் கொஞ்ச நேரம் ஏமாந்துபோய் மஞ்சளாகவே நிற்கும், அப்புறம்தான் அணையும். இது பொசுக்கென்று அணைந்தது. மனுஷன் கையால் மூடினால்தான் அப்படி அணையும். எனக்கு அவர்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. அக்காவிடம் ஒரு பொய் சொல்லியிருக்கலாம், மனசு அதற்குத்தான் இழுத்தது. ஆனால் அத்தனை பாடுபட்டு நான் சரிசெய்த லைன்மேல் நானே பழி போடவும் முடியவில்லை.

"லைன் கெட்டியா கீதுக்கா. அவருதான் வெளிய பூட்டாரு."

அக்கா முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள்.

"ஆளு இல்லன்னாலும் எழுதி வைக்கலாம் இல்ல? எழுது. லைன் நல்லா கீது, மழுப்பாதே. கையெழுத்து போட்டுட்டியா?"

எழுதி அனுப்பினேன். காத்திருந்தோம். நான் டீ வாங்கி வரச் சொல்லட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றாள். சாம்பல் முகம் மறுபடி மஞ்சளானது. இந்தத் தடவை எழுதுவதும் நிறுத்துவதும் இல்லை, ஒரே மூச்சில் வந்துவிட்டது. நான் வாய்க்குள் படித்தேன்.

"சத்தமா படி தம்பி."

"'கேட்ட அன்னிக்கே போட்டுட்டேன். உங்கிட்ட சொல்ல வாய் வரல.'"

இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன்.

"இத்தினி வாரமா பாவம் உன்ன திட்டிக்கினு இருந்தேன்," என்றாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. திரையை நேராகப் பார்த்து, எதிரில் ஆள் உட்கார்ந்திருப்பதுபோல, எனக்கு அடிக்க நேரம் விட்டு விட்டுச் சொன்னாள்.

"எழுது. கரும்பு நானே போட்டுக்கறேன். கரணை நடவும் எனக்குத் தெரியும், ஆள் வெச்சி வெட்டவும் தெரியும். நீ ரெண்டு வருஷம் கழிச்சி வந்து, இந்த நிலத்துல எனக்கு இன்னா வேலைன்னு என்ன கேளு. நான் சொல்றேன்."

அனுப்பினேன். அவர் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று கீழே வரி வந்தது. அக்கா எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"இருக்கா, ஏதோ எழுதறாரு."

"எழுதட்டும். நீ கட் பண்ணு."