கடலுக்குப் போன ஐயர்

எங்கள் சபையில் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம். எழுபதுகளின் நடுவில் தூத்துக்குடிக்கு மாற்றலாகி வந்த ஐயர் நாசரேத் பக்கத்துக்காரர். கடலைக் கரையில் நின்று பார்ப்பதோடு சரி. மெலிந்த உடம்பு. குரலும் மெலிவு, பிரசங்கம் பின்வரிசைக்குக் கேட்பதில்லை என்று பலருக்குக் குறை. எனக்கும்தான்.

எனக்குக் கல்யாணமான வருஷம் அது. ஐப்பசியில் என் வீட்டுக்காரர் வேலை பார்த்த தோணி கொழும்பிலிருந்து சரக்கோடு கிளம்பியது, வந்து சேரவில்லை. இடையில் பெருங்காற்று அடித்து ஓய்ந்திருந்தது.

பக்கத்துத் தெருவில் ஒரு கத்தோலிக்க அண்ணாச்சிக்குச் சொந்தமாக லாஞ்சி இருந்தது. அந்த மோட்டார் படகில் தேடிப் போக அவர் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். ஐயர் விறுவிறுவென்று வந்து, "நானும் வாரேன்" என்றார்.

எங்கள் சபை மூப்பர் பதறிவிட்டார். "ஒங்களுக்குக் கடல்ல என்ன சோலி? கோயில்ல இருந்து ஜெபம் பண்ணுங்கய்யா."

"ஜெபம் எங்கன இருந்தும் பண்ணலாம். என் சபை ஆளு கடல்ல கெடக்கான். நான் இங்கன இருந்து என்ன செய்ய?"

அண்ணாச்சி அவர் கையைப் பிடித்து ஏற்றிக்கொண்டார்.

மேய்ப்பர் என்று வேதத்தில் வாசிக்கும்போதெல்லாம் பீடத்தில் நின்று பேசுகிற ஒருவர்தான் என் நினைவுக்கு வருவார். தள்ளாடுகிற படகில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரைப் பார்த்த பிறகுதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரிந்தது. என் அழுகையும் அப்போதுதான் நின்றது.

மறுநாள் மதியம் லாஞ்சி திரும்பியது. பின்னால், பாய்மரம் முறிந்த தோணி. கரையே திரண்டு கடலுக்குள் இறங்கிவிட்டது. நான் கழுத்தளவு தண்ணீரில் நின்றேன். என் வீட்டுக்காரர் இறங்கினார். அவர் தோளில் ஐயர், துவண்டுபோய்க் கிடந்தார்.

"ஏறுனதுல இருந்து வாந்தி" என்றார் அண்ணாச்சி. "தோணியக் காணோம், திரும்பிரலாமான்னு கேட்டேன். இன்னும் கொஞ்சம் போவோம்னு சொல்லுதாரு. அந்த நெலமையில ஒரு மனுசன் சொல்லும்போது எப்படித் திரும்புதது? அந்தக் கொஞ்சத் தூரத்துலதான் தோணி கெடந்துச்சு."

மணலில் உட்கார வைத்ததும் ஐயர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "எல்லாரும் சுகமா வந்துட்டாங்கம்மா. எனக்கு ஒரு சோடா வாங்கித் தாங்க."

கரையிலிருந்து எங்கள் கோயில்வரை ஜனங்கள் பாடிக்கொண்டே போனார்கள். எங்கள் பாட்டு அண்ணாச்சிக்குத் தெரியாது. ஆனாலும் அவர் ஐயருக்குப் பக்கத்தில் கையைத் தட்டிக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் நடந்தார்.