கடைசிச் சரணத்துக்கு முன் ஒரு சால்வை

கிளாஸ்கோவில் நான் வாசிக்கும் பப் மேடையின் விளிம்பில் ஒரு கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறது. எவ்வளவு குடித்தவரும் அதைத் தாண்டி வருவதில்லை. போன வாரம் ஒருவர் தன் பியர் கிளாஸை டேப்புக்கு உள்ளே வைத்துவிட்டார். சவுண்ட் பார்க்கும் ஈவன் ஓடிவந்து, அதை எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனான். பாடுகிறவனைப் பாதியில் தொடக்கூடாது, அவ்வளவுதான் சட்டம். இந்த மரியாதை நம் ஊரில் இல்லையே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் ப்ளூஸ் ராக் வாசிக்கிறவன். பகலில் வேர்ஹவுஸில் பெட்டி தூக்குகிறேன், மாலையில் கிதார். இந்த வருடம்தான் வாரம் இரண்டு மேடை கிடைக்கிறது. உள்ளூர் ரேடியோவில்கூட என் பாட்டு ஒன்றைப் போட்டார்கள். அந்தப் பெயரை வைத்து, இலுப்பூர் பக்கம் எங்கள் ஊர் மாதா கோயில் திருவிழாவில் இருபது நிமிடம் கொடுத்தார்கள். ஆறு வருடம் கழித்துப் போனேன். சினிமாப் பாட்டு கிடையாது, என் பாட்டு ஒன்றே ஒன்றுதான் என்று பிடிவாதமாகச் சொல்லியிருந்தேன். அது அப்பாவுக்காக எழுதியது. சவூதியில் லாரி ஓட்டிய பதினான்கு வருடத்தில் அவர் வீட்டுக்கு வந்தது நான்கைந்து தடவை. வரும்போதெல்லாம் நான் கதவோரம் நின்று, "வாங்க, உக்காருங்க" என்பேன், விருந்தாளியிடம் சொல்வதுபோல. அப்பா என்று வாய் வராது. இன்றுவரை வந்ததில்லை. முதல் மூன்று சரணமும் அந்தக் கதைதான். கடைசிச் சரணத்தில் மட்டும் அவரை "அப்பா" என்று கூப்பிட்டிருந்தேன். நேரில் சொல்லத் துப்பில்லாமல்தான் பாட்டாக எழுதினேன், வேறென்ன.

முன்வரிசையில் அப்பா உட்கார்ந்திருந்தார். மூன்றாம் சரணம் முடிந்து, தந்தியை வளைத்து அழ வைத்துக்கொண்டிருந்தேன். விழாக் கமிட்டிக்காரர் ஒருவர் வந்து மைக்கைப் பிடுங்கினார்.

"வெளிநாட்டுலேருந்து வந்து நம்ம மண்ணுக்குப் பெருமை சேத்த தம்பிக்கு, அவுங்க அப்பாவே இப்பப் பொன்னாடை போத்துவாங்க!"

நம் ஆட்களுக்குப் பாட்டு முடியும்வரை பொறுக்காது. விட்டால் மூச்சு வாங்குகிற இடத்தில்கூடச் சால்வை போடுவார்கள். அப்பா ஏறி வந்து விரித்துப் போர்த்தினார். அது தோளிலிருந்து சரிந்து கிதாரை மூடியது. தந்திகள் டப்பென்று அடங்கிவிட்டன.

"இருங்க, இன்னும் முடியலைங்க."

கைதட்டலில் அவருக்குக் கேட்கவில்லை. "நல்லா வாசிச்சய்யா. வேர்த்துக் கொட்டுது ஒனக்கு, எறங்கி வா" என்று சால்வை நுனியால் என் நெற்றியைத் துடைத்துவிட்டார். அதற்குள் பட்டிமன்ற நடுவர் வந்துவிட்டாராம். இறங்கினேன்.

கிளம்பும் நாள் திருச்சி விமான நிலையத்தில் அப்பாவிடம் கேட்டேன்: "அந்தப் பாட்டுல இன்னொரு சரணம் இருக்குங்க, பாடவா?" அப்போதும் அந்தச் சொல் வரவில்லை.

"இருக்கட்டும்யா. அதான் சால்வை போட்டாச்சுல்ல" என்றார். அவர் முகத்தில் அப்படியொரு நிறைவு. எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. யார்மேல் ஆத்திரப்படுவது, நீங்களே சொல்லுங்கள்.

நேற்று இங்கே அதே பாட்டு. மூன்றாம் சரணம் முடிந்ததும் என் கை தானாக நின்றுவிட்டது. தோள் காத்திருந்தது. டேப்பைத் தாண்டி யாரும் வரவில்லை. பிறகு அந்தக் கடைசிச் சரணத்தை, தமிழே தெரியாத நாற்பது பேருக்கு முன்னால், ஒரு சொல் விடாமல் பாடி முடித்தேன்.

"அந்த நிறுத்தம் பிரமாதம், அப்படியே வைத்துக்கொள்" என்றான் ஈவன். சரியென்று தலையாட்டிவிட்டு, கிதாரை அந்தச் சால்வையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன்.