பக்கத்து சீட்

என் மனைவிக்கு ஐம்பது வயதில் ஓர் ஆசை வந்தது. பணம் கட்டினால் ரேஸ் டிராக்கில் ஒருநாள் நம் சொந்தக் காரையே ஓட்டலாம் என்று எங்கோ பார்த்திருக்கிறாள். "ஒரு நாளாவது ஆக்சிலரேட்டர முழுசா மிதிச்சுப் பாக்கணுங்க" என்றாள். ஸ்ரீரங்கத்து வீதிகளில் கூட்டத்துக்கும் மாட்டுக்கும் நடுவே கார் பழகியவள். மூன்றாவது கியருக்கு மேல் அங்கே வேலையே இல்லை.

அதற்காக ஒரு பழைய கார் தேடினோம். முசிறியில் ஒரு வாழைக்காய் வியாபாரியிடம் கறுப்பாக, உயரமாக ஒரு பெரிய வண்டி இருந்தது. எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. இவள் ஒருமுறை சுற்றி வந்து, "கல்யாண ஊர்வலத்துக்கு நல்லா இருக்கும்" என்று சொல்லிவிட்டாள். பிறகு காட்டூரில் பெயின்ட் வெளுத்த ஒரு சின்ன பெட்ரோல் கார். துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு அடியில் குனிந்து பார்த்தாள். துரு இல்லை, டயர் ஒரே சீராகத் தேய்ந்திருந்தது. "கனம் கம்மிங்க. சொன்னா திரும்பும், சொன்னா நிக்கும்." ஸ்கூலில் பிசிக்ஸ் எடுப்பவளிடம் கனத்தைப் பற்றி நான் வாதாடவில்லை.

எடமலைப்பட்டி புதூரில் எங்கள் தெரு மெக்கானிக் உற்சாகமாகிவிட்டார். "சைலன்சர மாத்திடலாம் மேடம். தெருவே திரும்பிப் பாக்கும்." நானும் தலையை ஆட்டினேன்.

"தெரு பாக்க வேணாம். மொதல்ல பிரேக் பாருங்க" என்றாள்.

பிரேக் பேட், பிரேக் ஆயில், நல்ல டயர், கொஞ்சம் இறுக்கமான சஸ்பென்ஷன். கையிலிருந்த பணம் அத்தோடு தீர்ந்தது. எஞ்சினை அவள் தொடவே இல்லை. வேகம் வேண்டுமென்றால் கனத்தைக் குறைக்கலாம், அதற்குச் செலவில்லை என்றாள். பின் சீட் கழன்று எங்கள் ஹாலுக்கு வந்தது. வந்தவர்களெல்லாம் அதில்தான் உட்கார்ந்து காபி குடித்தார்கள். ஒவ்வொருவரிடமும் அவள் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனேன்.

ஆனால் அவள் ஓட்டும்போது பக்கத்து சீட்டில் என் வலது கால் சும்மா இருக்காது. முன்னால் ஒரு பஸ் தெரிந்தால் போதும், இல்லாத பிரேக்கை அழுத்தும். காவேரிப் பாலம் தாண்டுவதற்குள் "பாத்து, பாத்து" என்று சொல்லியே தொண்டை வற்றிவிடும். அவளும் வேகத்தைக் குறைத்துவிடுவாள். டிராக்கில் பக்கத்தில் ஒருவர் உட்காரலாம், ஹெல்மெட் இருந்தால் போதும் என்று டிராக்கில் இருப்பவர்கள் போனில் சொன்னதும், ஓடிப்போய் எனக்கும் ஒன்று வாங்கி வந்தேன்.

சென்னைக்குப் பக்கத்திலிருந்த அந்த டிராக்குக்குப் போய்ச் சேர்ந்ததும் ஸ்டெப்னி, ஜாக்கி, கால்மிதி எல்லாவற்றையும் இறக்கி வைத்தோம். நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் ஸ்பேனரோடு என் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"கொஞ்சம் இறங்குங்க. இந்த சீட்டையும் கழட்டணும்."

"அப்ப நான்?"

"நீங்களும் வெயிட்டுதாங்க" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஒரே ஒரு நாள், நானே பாத்துக்கிறேனே" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. அவள் போல்ட்டுகளைக் கழற்ற, சீட்டை நானே தூக்கிக்கொண்டு போய் வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு மரத்தடியில் போட்டேன். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு அதிலேயே உட்கார்ந்தேன்.

முதல் சுற்று மெதுவாகப் போனாள். அடுத்த சுற்றில் அந்தச் சின்ன கார் சீறிக்கொண்டு வந்து என்னைத் தாண்டியது. எதிரே வளைவு. என் கால் புல்லை அழுத்தியது. காரின் பின் விளக்கு எரியவில்லை. அவ்வளவுதான், போயிற்று என்று நினைத்தேன். அதற்கப்புறம்தான் விளக்கு சிவந்தது. கார் லேசாக முன்பக்கம் குனிந்து, அழகாக வளைந்து போனது. அதற்கடுத்த சுற்றிலும் என் கால்தான் முந்திக்கொண்டது. அவள் இன்னும் தள்ளித்தான் பிரேக் பிடித்தாள், இன்னும் அழகாகத் திரும்பினாள்.

மறுபடி அவள் வரும் சத்தம் கேட்டது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கால்களையும் சீட்டின் மேல் தூக்கிவைத்துச் சம்மணம் போட்டுக்கொண்டேன்.