நூலகத்தை நகர்த்திய சமாதி

போர் ஓய்ந்த கையோடு எங்கள் ஊரில் பல்கலைக்கழகம் தொடங்கினார்கள். பிள்ளைகள் படிப்புக்காக சியோலுக்கு ஓடக் கூடாதென்று வீட்டுக்கு வீடு அரிசி கொடுத்தோம். கூடாரத்தில்தான் வகுப்பு. நூலகம் கட்டப் பார்த்த குன்றில் பக்கத்து வீட்டு மான்சிக்கின் அப்பா சமாதி இருந்தது.

"வேற நல்ல இடமாப் பாத்து மாத்திக்கலாமா தம்பி?" என்று பல்கலைக்கழகத் தலைவரே வந்து கேட்டார்.

மான்சிக்குக்கு அங்கே வாசல் காவலாளி ஆக வேண்டும், பித்தளைப் பொத்தான் சட்டை போட வேண்டும். கொஞ்சம் முறுக்கினால் அவர்களே வேலை தருவார்கள் என்று மனக்கணக்கு.

"அப்பா தூங்குறாருங்க. எழுப்ப மாட்டேன்."

தலைவர் தொப்பியைக் கழற்றிவிட்டு சமாதியை இருமுறை விழுந்து வணங்கினார். நூலகத்தைத் தள்ளிக் கட்டச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்பா பேரைச் சொன்னவனிடம் எங்கள் பக்கத்தில் யார் பேரம் பேசுவார்கள்? மடையன், அது அவனுக்குத் தோன்றவில்லை.

கூடாரம் செங்கல் கட்டடமாகி, அதுவும் பத்து மாடியானது. நடுவே சமாதி அப்படியே. தேர்வு வந்தால் பிள்ளைகள் அதற்கு சோஜு சாராயம் ஊற்றிக் கும்பிட்டார்கள். அறுவடைப் பண்டிகைக்கு முன் மான்சிக் சமாதி மேட்டில் புல் வெட்ட வந்தால் எழுந்து நின்றார்கள். அவன் கூனிக் குறுகிப் போவான். அப்பா சாகும்போது கேட்டது ஆற்றுக்கு அக்கரையில், மான்சிக்கின் அம்மா சமாதிக்குப் பக்கத்தில் இடம். மழையில் பாடையோடு ஆற்றைக் கடக்கச் சோம்பி இங்கே புதைத்தான். பிறகு எடுத்துப் போகலாம் என்றால், ஊர் மெச்சிய மகனுக்குத் துணிச்சல் வரவில்லை.

கிழவனான பிறகு, ஆண்டு விழாவில் உத்தம மகன் என்று பட்டயம் கொடுக்க மேடையேற்றினார்கள். ஒலிபெருக்கியைப் பிடித்துச் சொல்லியேவிட்டான்.

"எல்லாம் பொய்ங்க. காவக்காரன் வேலைக்கு ஆசப்பட்டுத்தான் அடம் புடிச்சேன். அப்பா எங்கம்மா பக்கத்துல படுக்கணும்னு கேட்டாரு. இப்பவாவது எடுத்துட்டுப் போக விடுங்க."

அரங்கம் சிரித்தது, கை தட்டியது.

"என்ன அடக்கம் பாருங்க" என்றார் துணைவேந்தர். "ஐயா, அவர் உங்களுக்கு மட்டுமா அப்பா? எங்களுக்கும்தான். எடுக்க விட்ருவோமா?"

மான்சிக் நேரே சமாதிக்குப் போனான். விழுந்தவன் எழவில்லை. வெட்கத்தில் முகத்தைப் புல்லில் புதைத்துக்கொண்டு அழுதான். நான்தான் தூக்கிவிட்டேன். அதற்குள் ஒரு மாணவி படம் எடுத்துவிட்டாள்.

அடுத்த வருஷம் சேர்க்கைக் கையேட்டின் அட்டையில் அந்தப் படம்தான். கீழே, 'பெற்றவரை மதிக்கக் கற்றுத்தரும் பல்கலைக்கழகம்' என்று போட்டிருந்தார்கள்.